ஒரு செல்பேசி எண் இப்போது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? கண்டறிய முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி கடைவீதியில் ரீசார்ஜ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். வருகிறவர்கள் எண்ணைத் தடங்கலின்றிச் சொல்லிவிடுவார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டால்தான் தயங்குவார்கள். தயங்காமல் சொல்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். “தம்பி, 98420-இல் தொடங்குகிறது, ஏர்செல்தான்” என்று அடித்துச் சொல்லும் அம்மாக்கள் இன்றும் உண்டு. ஏர்செல் சேவை நின்றது 2018-இல்.

புதிதாகக் கடை வைப்பவர்களும், வெளியூரிலிருந்து பெற்றோரின் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யும் பிள்ளைகளும் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எந்தச் சோதனையை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை அவர்களுக்குத் தெரிவதில்லை. எனவே கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள். விடை உறுதியான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

1. எதற்காகத் தெரிய வேண்டும்?

ரீசார்ஜ் செய்வதற்கு என்றால் விடை நூறு விழுக்காடு சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதில் பணம் இருக்கிறது. வேறு நிறுவனத்துக்கு மாற, அதாவது போர்ட் செய்ய, என்றாலும் அப்படியே.

மஞ்சூரிலோ மசினகுடியிலோ இருக்கும் உறவினருக்கு அங்கே எந்த டவர் எடுக்கிறது என்று பார்ப்பதற்காக அவர் எண்ணின் நெட்வொர்க்கைத் தேடுகிறீர்கள் என்றால், தேடவே வேண்டாம். அவரிடமே கேளுங்கள். மலையில் ஒரு வளைவு தாண்டினால் சிக்னல் மாறிவிடும்; எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது.

தெரியாத எண்ணிலிருந்து மிரட்டலோ மோசடியோ வந்திருக்கிறது, அதனால் தேடுகிறீர்கள் என்றால் நெட்வொர்க்கின் பெயர் உங்களுக்குப் பயன்படாது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எந்த நிறுவனம் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுப் பத்து இலக்கங்கள். நம் நாட்டின் செல்பேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். முன்னால் பூஜ்யமோ 91-ஓ இருந்தால் நீக்கிவிட்டு எண்ணுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீலகிரியில் பழைய கடைப் பலகைகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் தரைவழித் தொலைபேசி எண்கள் இன்னும் இருக்கின்றன. உதகைக்கும் குன்னூருக்கும் 0423, கோத்தகிரிக்கு 04266, கூடலூருக்கு 04262. பூஜ்யத்தை எடுத்துவிட்டால் இவையும் பத்து இலக்கம்தான். ஆனால் நான்கில் தொடங்கும். செல்பேசி எண்ணை மாற்றுவதுபோலத் தரைவழி எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்ற முடியாது. எனவே அவற்றுக்கு இந்த வழிகாட்டி வேண்டியதில்லை.

எண்ணை வாட்ஸப்பிலிருந்து எடுத்தீர்களா? அப்படியானால் முதலில் அந்த எண்ணுக்குச் சாதாரண அழைப்பு விடுத்துப் பாருங்கள். சிம் செயலிழந்த பிறகும் அந்த எண்ணில் வாட்ஸப் கொஞ்ச காலம் ஓடிக்கொண்டிருக்கலாம். எந்த நெட்வொர்க்கிலும் இல்லாத எண்ணுக்கு நெட்வொர்க் தேடி அலைவது வீண்.

கடைசியாக, சிம் உங்கள் கையில் இருக்கிறதா இல்லையா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இருந்தால் நான்காம் படி, இல்லையென்றால் ஆறாம் படி. மூன்றாவதை இரு தரப்பினரும் படிக்க வேண்டும்.

3. முதல் நான்கு இலக்கங்களை விடையாக எடுக்காதீர்கள்

தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. 9443 என்றால் பிஎஸ்என்எல், 9894 என்றால் ஏர்டெல் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பட்டியல் பொய் இல்லை. அந்த வரிசை எண்கள் முதன்முதலில் எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டன என்பதை அது சரியாகவே சொல்கிறது. இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது.

டிஎன் 43 என்ற பதிவெண்ணுடன் ஒரு ஜீப் மேட்டுப்பாளையத்தில் நிற்கிறது என்றால், அது நீலகிரியில் பதிவானது என்று மட்டும்தான் சொல்ல முடியும். இன்றைய உரிமையாளர் யார் என்று பலகை சொல்லாது. எண்ணின் முன் இலக்கங்களும் அப்படியே.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. 2015 ஜூலை 3 முதல் வேறு மாநில சர்க்கிளுக்கும், அதாவது தொலைத்தொடர்புச் சேவைப் பகுதிக்கும், எண்ணைக் கொண்டுபோகலாம். ஆகவே முன் இலக்கங்களை வைத்து நிறுவனத்தை மட்டுமல்ல, மாநிலத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வயநாட்டிலிருந்து பந்தலூருக்குத் திருமணமாகி வந்தவர் கேரள எண்ணையே வைத்திருப்பார். சிலர் அதைத் தமிழ்நாட்டுச் சர்க்கிளுக்கு மாற்றியிருப்பார்கள். எண்ணைப் பார்த்து இந்த இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

நிறுவனங்களும் அப்படியே நிற்கவில்லை. வோடஃபோனும் ஐடியாவும் 2018-இல் இணைந்தன; 2020 செப்டம்பரில் வி என்று பெயர் மாறின. டாட்டா டோகோமோ வாடிக்கையாளர்கள் 2019-இல் ஏர்டெல்லுக்குப் போனார்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பாதி, இன்று இல்லாத நிறுவனங்களின் பெயரையே காட்டுகின்றன. ஒரு தளம் “ஏர்செல்” என்று விடை சொன்னால் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள். அது எந்த நெட்வொர்க்கையும் கேட்டுப் பார்க்கவில்லை, பழைய அட்டவணையைப் படித்துக் காட்டுகிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. போர்ட் ஆன எண் பிற்காலத்தில் முற்றிலும் துண்டிக்கப்பட்டால், அது கடைசியாக இருந்த நிறுவனத்திடம் தங்காது. முதலில் ஒதுக்கீடு பெற்ற நிறுவனத்துக்கே திரும்பும். அங்கிருந்து வேறொருவருக்குப் புதிதாகக் கொடுக்கப்படும். “போன வருடம் இது ஜியோவாக இருந்ததே” என்ற உங்கள் நினைவும் அதனால் சாட்சி ஆகாது. எண் அதேதான், ஆள் வேறு, நிறுவனம் வேறு.

முன் இலக்கங்களுக்கு ஒரே ஒரு பயன் இருக்கிறது. நான்கு நிறுவனங்களில் எதை முதலில் சோதிப்பது என்று தீர்மானிக்க உதவும்.

4. சிம் கையில் இருந்தால் 198

அந்த எண்ணிலிருந்தே 198-ஐ அழையுங்கள். இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான புகார் எண், கட்டணம் இல்லை. அழைப்பு அந்த சிம்முக்கு உரிய நிறுவனத்தின் மையத்துக்குப் போகும், வரவேற்புக் குரலே நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிடும். பெயரைக் கேட்டதும் வைத்துவிடலாம்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செயலியும் தளமும் வேறு யாரோ சேர்த்து வைத்த தகவலைக் காட்டுகின்றன. 198-இல் பேசுவதோ இன்றைக்கு அந்த எண்ணுக்குச் சேவை தரும் நிறுவனமே.

இங்கே நடக்கும் தவறு இரண்டு சிம் உள்ள போனில். இரண்டாம் சிம்மைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு முதல் சிம்மிலிருந்து அழைத்துவிடுவார்கள். அமைப்புகளில் மற்ற சிம்மை அணைத்துவிட்டு அழையுங்கள். பிறகு அதே சிம்மிலிருந்து உங்கள் இன்னொரு போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து, வந்த எண் நீங்கள் தேடும் எண்தானா என்று பாருங்கள். வீட்டில் நான்கு சிம் புழங்கும் குடும்பங்களில் எந்த சிம்மில் எந்த எண் என்பதே குழம்பியிருக்கும். இந்த மிஸ்டு காலைத் தவிர்க்க வேண்டாம்.

சிம் அட்டையில் அச்சிட்ட பெயரையும் பார்க்கலாம். போர்ட் செய்யும்போது புது நிறுவனம் புது சிம் தரும், பழையது செத்துவிடும். அதனால் வேலை செய்யும் சிம்மில் உள்ள பெயர் பொதுவாகச் சரி. இணைந்துபோன நிறுவனங்கள் மட்டும் விதிவிலக்கு. ஐடியா என்று அச்சிட்ட பழைய சிம் இன்னும் ஓடுகிறது என்றால் அது இப்போது வி.

5. திரையின் மேல் தெரியும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

சமவெளியில் இது பெரிய சிக்கல் இல்லை. எங்கள் மாவட்டத்தில் சிக்கல்தான். திரையில் காட்டுவது அந்த நேரத்தில் போன் பிடித்திருக்கும் டவரின் நெட்வொர்க். எண் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது என்பது வேறு செய்தி.

சேரம்பாடி, எருமாடு, நாடுகாணிப் பக்கம் நின்றால் கேரளச் சர்க்கிளின் டவரும், முதுமலையைத் தாண்டிக் கக்கநல்லா அருகே போனால் கர்நாடகச் சர்க்கிளின் டவரும் பிடிக்கக்கூடும். ரோமிங் குறி தெரியும், அண்டை மாநிலத்துக்கு வரவேற்கும் குறுஞ்செய்தியும் வரும். அதைப் பார்த்துவிட்டு ரீசார்ஜ் செயலியில் சர்க்கிளைக் கேரளம் என்று மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றக் கூடாது. சர்க்கிள் என்பது எண் பதிவாகியிருக்கும் இடம், நீங்கள் நிற்கும் இடம் இல்லை.

ஒரே மாநிலத்துக்குள்ளும் இது நடக்கலாம். டவர் இல்லாத சிற்றூர்களுக்காக அரசு நிதியில் அமைத்த 4ஜி டவர்களை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் திரைப் பெயரை நம்பி ரீசார்ஜ் செய்தால் வம்பு.

இரண்டு சிம் உள்ள ஆண்ட்ராய்டு போன்களில் சிம்முக்கு நாமே பெயர் வைக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். பேரன் விளையாட்டாக மாற்றிய பெயரை நிறுவனம் என்று நம்பி என் கடைக்கு வந்தவர் உண்டு.

6. சிம் கையில் இல்லையென்றால்

முதலில் அந்த நபரிடம் கேளுங்கள். எளிதாக இருப்பதாலேயே பலர் இதைச் செய்வதில்லை. கேட்கும்போது “எந்த நெட்வொர்க்?” என்று கேட்காதீர்கள், முதல் சிம் வாங்கியபோது இருந்த பெயரைச் சொல்வார்கள். “கடைசியாக எந்தக் கம்பெனியிலிருந்து ரீசார்ஜ் மெசேஜ் வந்தது, படித்துச் சொல்லுங்கள் அம்மா” என்று கேளுங்கள். அப்போது பதில் நினைவிலிருந்து வராமல் திரையிலிருந்து வரும்.

அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால், நிறுவனங்களின் சொந்த ரீசார்ஜ் பக்கங்களுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் இன்று பொதுமக்களுக்குச் செல்பேசிச் சேவை தருபவை நான்கு: ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிற எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யும் பகுதி இருக்கிறது. எண்ணை இடுங்கள். அவர்களுடைய எண் என்றால் திட்டங்களின் பட்டியல் விரியும். இல்லையென்றால் இது எங்கள் எண் அல்ல என்ற பொருளில் மறுப்பு வரும். பணம் செலுத்தும் கட்டத்துக்குப் போகாமல் அங்கேயே நிறுத்துங்கள்.

இது உறுதியான சோதனை, ஏனென்றால் நிறுவனம் தன் சொந்த வாடிக்கையாளர் பட்டியலோடு ஒப்பிடுகிறது. முன் இலக்கங்கள் காட்டும் நிறுவனத்தில் தொடங்குங்கள். மறுத்தால் மற்ற மூன்று. ஒன்று ஏற்றுக்கொண்டதும் நிறுத்திவிடாமல், இன்னொன்று மறுக்கிறதா என்றும் பாருங்கள். சில பக்கங்கள் எண்ணைச் சரிபார்க்காமலே திட்டங்களைக் காட்டிவிடும். ஒன்று ஏற்று, மற்றவை மறுத்தால்தான் விடை முழுமை.

ஓர் எச்சரிக்கை: ரீசார்ஜ் பகுதிக்குப் பதிலாக உள்நுழையும் பகுதியில் எண்ணை இட்டுவிட்டால் அந்த நபருக்கு ஓடிபி போகும். காரணம் தெரியாமல் ஓடிபி வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அந்த ஓடிபியைக் கேட்டு வாங்க முயல்வது அதைவிடப் பெரிய தவறு. நெட்வொர்க் அறிய எவருடைய ஓடிபியும் தேவையில்லை.

7. ரீசார்ஜ் செயலி: வசதியானது, ஆனால் இரண்டாம் சாட்சி

ஃபோன்பே, கூகுள் பே, பேடிஎம் போன்ற செயலிகளில் எண்ணை இட்டதும் நிறுவனமும் சர்க்கிளும் தாமாக நிரம்பும். பெரும்பாலான நாட்களில் சரியாகவே இருக்கும். நானும் அவசரத்தில் அதைத்தான் பார்க்கிறேன்.

தவறுவது எப்போது? எண் அண்மையில் போர்ட் ஆகியிருக்கும்போது. செயலியின் தரவு புதுப்பிக்கப்படும் வரை பழைய நிறுவனமே தெரியும். நீங்கள் முன்பு அதே எண்ணுக்கு ரீசார்ஜ் செய்திருந்தால் பழைய பதிவையே எடுத்து நீட்டும் பழக்கமும் சிலவற்றுக்கு உண்டு. ஆகவே “அண்மையில் கம்பெனி மாற்றினீர்களா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவனத்தைத் தவறாகத் தேர்ந்தால் ரீசார்ஜ் பொதுவாகத் தோல்வியடைந்து பணம் திரும்பிவிடும், கொஞ்சம் காத்திருக்க வேண்டும். எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால்தான் ஆபத்து. அது வேறொருவரின் உயிருள்ள எண்ணாக இருந்து, நிறுவனமும் பொருந்திவிட்டால் பணம் அவருக்குப் போய்விடும். திரும்பப் பெறுவது பெரும்பாடு. நெட்வொர்க்கைச் சரிபார்க்கும் பரபரப்பில் எண்ணைச் சரிபார்க்க மறப்பது என் மேசையில் அடிக்கடி நடப்பது. கடைசி நான்கு இலக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள்.

8. 1900-ஐச் சோதனைக்குப் பயன்படுத்தலாமா?

சிலர் சொல்லிக்கொடுக்கும் குறுக்கு வழி இது: அந்த சிம்மிலிருந்து ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அதன் முதல் இரண்டு எழுத்துகள் தற்போதைய நிறுவனத்தையும் சர்க்கிளையும் குறிக்கும்.

உண்மைதான். ஆனாலும் வேண்டாம் என்பேன். நீங்கள் விலகப்போவதாக நிறுவனம் எடுத்துக்கொள்ளும், மனத்தை மாற்ற அழைப்புகள் வரத் தொடங்கும். அந்தக் குறியீடு போர்ட் செய்வதற்கான சாவி. அது போகக் கூடாத கைக்குப் போகக் கூடாது. மேலும் தற்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் ஆகாத எண்ணுக்கும், பில் பாக்கி உள்ள எண்ணுக்கும் குறியீடே வராது. குறியீடு வரவில்லையே என்று எண்ணில் கோளாறு இருப்பதாக நினைத்துவிடுவீர்கள். 198 இருக்கும்போது இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது.

உண்மையிலேயே போர்ட் செய்யப்போகிறவர்களுக்கு: குறியீடு தமிழ்நாட்டில் நான்கு நாட்கள் செல்லும். பயன்படுத்தாவிட்டால் தானாகக் காலாவதி ஆகும்.

9. சாட்சி போலத் தோன்றும், சாட்சி ஆகாதவை

வங்கிக் குறுஞ்செய்தியின் அனுப்புநர் பெயருக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்துகள். இவை நிறுவனத்தையும் சர்க்கிளையும் குறிப்பது சரி. ஆனால் வங்கி எந்த நிறுவனம் வழியாக அனுப்பியது என்பதைத்தான் குறிக்கும், பெறுபவரின் நிறுவனத்தை அல்ல.

“நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்” என்று தொடங்கும் அறிவிப்புக் குரல். சில நேரம் அது உங்கள் சொந்த நிறுவனத்தின் பதிவாகவே இருக்கும்.

அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளில் வரும் நெட்வொர்க் பெயர். பெரும்பாலும் மூன்றாம் படியில் சொன்ன அதே எண் வரிசைப் பட்டியல்தான்.

நெட்வொர்க்கோடு சேர்த்து ஆளின் பெயர், முகவரி, நிற்கும் இடம் எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொல்லும் தளங்களை இதில் சேர்க்கவே மாட்டேன். அவை கேட்கும் செயலியை நிறுவிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

10. போர்ட் நடந்துகொண்டிருக்கும் எண்

எல்லாச் சோதனையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், எண் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஒரே சர்க்கிளுக்குள் மாறுவதற்கு மூன்று வேலை நாட்களும், வேறு சர்க்கிளுக்கு ஐந்து வேலை நாட்களும் விதிப்படி ஆகும். மாறும் வேளை வரை பழைய சிம் வேலை செய்யும். மாறும்போது சில மணி நேரம் இரண்டு சிம்மிலும் சேவை இருக்காது.

மாறிய பிறகும் ஒரு நிறுவன எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது, மற்றொன்றிலிருந்து வரவில்லை என்று சொல்வார்கள். நாம் அழைக்கும் ஒவ்வொரு முறையும் நம் நிறுவனம், எந்த எண் எங்கே இருக்கிறது என்ற பொதுப் பதிவேட்டின் தன் நகலைப் பார்த்துத்தான் அழைப்பைத் திருப்புகிறது. அந்த நகலில் மாற்றம் ஏறாத நிறுவனத்திலிருந்து அழைத்தால் அழைப்பு பழைய வாசலில் போய் நிற்கும். ஒரு நாள் கடந்தும் சரியாகவில்லை என்றால் புது நிறுவனத்தின் 198-இல் புகார் கொடுங்கள். எந்த நிறுவன எண்ணிலிருந்து வரவில்லை என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

இந்த இடைவெளியில் ரீசார்ஜ் செய்யாதீர்கள். பழைய நிறுவனத்தில் செய்த ரீசார்ஜின் மீதி புது நிறுவனத்துக்கு வராது. நாளை மாறப்போகும் எண்ணுக்கு இன்று மூன்று மாதத் திட்டம் போட்டுவிட்டுப் பிறகு என்னிடம் சண்டை போடுவதில் பயன் இல்லை.

11. பல எண்களின் பட்டியல் இருந்தால்

மகளிர் குழு, தேயிலைச் சிறு விவசாயிகள் சங்கம், பள்ளி என்று நூற்றுக்கணக்கான எண்களை வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றாகத் தளத்தில் இட்டுப் பார்க்க முடியாது. போர்ட் விவரத்தோடு எண்களைச் சரிபார்த்துத் தரும் கட்டணச் சேவைகள் இருக்கின்றன. தெரிந்தெடுக்கும் முன், அண்மையில் போர்ட் ஆன ஓர் எண்ணைக் கொடுத்துச் சோதியுங்கள். பழைய நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் காசு கொடுக்க வேண்டாம்.

கையால் எழுதும் பதிவேடு என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் நிறுவனம், சர்க்கிள், சரிபார்த்த தேதி என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். தேதி இல்லாத விடை ஆறு மாதத்தில் பயனற்றுப்போகும். ஒவ்வொரு ரீசார்ஜின்போதும் தேதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும், மறுபடி சரிபார்க்கவென்று தனியாக உட்கார வேண்டியதில்லை.